நான்கு கார்களுக்கு ஒரு யூனிஃபார்ம்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் விசில். அவருடைய கார் தெருமுனையில் திரும்பும்போதே யாரோ உதட்டைக் குவித்து விசிலடிப்பது போல ஒரு சத்தம் வரும். மிதியிலிருந்து காலை எடுத்தால் ‘ப்ஷ்ஷ்ஷ்’ என்று ஒரு தும்மல். மாடி வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்துவார். நான் அடுப்பைப் பற்றவைப்பேன். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் அழைப்பு மணிக்கு வேலையே இல்லை.

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மனிதர்களை மெதுவாக, குலுங்காமல் மேலே கொண்டுபோகும் பெட்டிகளைப் பழுது பார்ப்பார். அந்தப் பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டாரென்றால், வெளியே தெரிவது இடுப்புக்குக் கீழேதான். கல்யாண வாழ்க்கையில் அந்தப் பாதியோடுதான் நான் அதிகம் பேசியிருக்கிறேன்.

டர்போ என்றால் என்ன என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். இன்ஜின் வெளியே துப்புகிற புகையை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அது காற்றை அமுக்கி மறுபடியும் இன்ஜினுக்குள் திணிக்குமாம். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும். “கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டு கொஞ்சமா திணிச்சிருக்கான். நாம இன்னும் கொஞ்சம் திணிச்சா என்ன?” என்று கேட்டார். புதுப்பெண்டாட்டி என்பதால் நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

திணித்தார். பெரிய டர்போ வந்தது. அது அமுக்கும் காற்றைக் குளிர்விக்க முன்பக்கம் ஒரு ரேடியேட்டர் மாதிரி ஒன்று வந்தது. புகையை வடிகட்டும் டப்பா போய், அந்த இடத்தில் என் தொடை தடிமனுக்கு ஒரு வெறும் குழாய் வந்தது. ஸ்பிரிங்கெல்லாம் குட்டையாகி, கார் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடியது. இத்தனையும் சட்டப்படி தப்பு. சத்தத்துக்கு ஓர் அளவு உண்டு, புகைக்கு ஓர் அளவு உண்டு, தரைக்கும் காருக்கும் நடுவே இத்தனை விரற்கடை இருக்க வேண்டும் என்று உண்டு. இந்த அளவுகளை அவர் எனக்கு மனப்பாடமாக ஒப்பிப்பார். மீறுவதற்காக ஒரு மனிதன் சட்டத்தை இவ்வளவு கரிசனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

நானோ நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பன்னிரண்டு மீட்டர் நீளம், அறுபது தலைகள். டிப்போவில் தினமும் காலையில் டயரைத் தட்டிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிவைத்த என் அண்ணனை இன்றைக்கும் நான் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை.

சரி, இவ்வளவு தப்பையும் வைத்துக்கொண்டு வருடா வருடம் தகுதிச் சோதனையில் எப்படித் தேறினார் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் யூனிஃபார்ம்.

இவரோடு இதே நோய் பிடித்த இன்னும் மூன்று பேர் உண்டு. நான்கு பேருக்கும் ஒரே ரகக் கார். அத்தனை பேரும் கழற்றிப் போட்ட அசல் சாமான்களை, வீட்டில் இடமில்லை என்று, பழைய இரும்பு வாங்க வந்த ஆளிடம் தள்ளிவிட்டார்கள். பிறகுதான் புத்தி வந்தது, சோதனைக்குப் போகும்போது அசல் சாமான் வேண்டுமே என்று. தேடி அலைந்து கடைசியில் மீட்க முடிந்தது ஒரே ஒரு செட். அசல் டர்போ, அசல் புகைக்குழாய், வடிகட்டும் டப்பா, நான்கு உயரமான ஸ்பிரிங். அதற்கு அவர்கள் வைத்த பெயர் யூனிஃபார்ம். யாருக்குச் சோதனை வருகிறதோ அவர் கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்து யூனிஃபார்மை மாட்டிக்கொள்ளும். நல்ல பிள்ளையாகப் போய்த் தேறிவிட்டு வரும். அடுத்த ஞாயிறு அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழையபடி ஊர்சுற்றப் போகும். மற்ற நாட்களில் அந்தச் சாமான் எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும். திரும்பிப் படுத்தால் எண்ணெய் வாசனை வரும். எங்கள் மகள் மூன்று வயதில் கண்ணாமூச்சி ஆடி, ஸ்பிரிங்குக்குள் கால் மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

இது சோதனை நாளுக்கு மட்டும்தான் காப்பு. நடுத்தெருவில் போலீஸ்காரர் பிடித்தால் யூனிஃபார்ம் கட்டிலுக்கடியில் அல்லவா இருக்கும்? கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். பத்து நாளைக்குள் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரே காருக்கு மூன்று முறை ஸ்டிக்கர் விழுந்து, மூன்றாவது தடவை தேறாவிட்டால் பதிவேட்டிலிருந்தே அடித்துவிடுவார்கள். அப்புறம் அது கார் இல்லை, இரும்பு.

முதல் ஸ்டிக்கர் சத்தத்துக்கு விழுந்தது. இரண்டாவது உயரத்துக்கு. போலீஸ்காரர் காலிக் குளிர்பான டப்பா ஒன்றைக் காருக்கடியில் உருட்டிவிட்டார். அது மறுபக்கம் வர வேண்டுமாம். வரவில்லை. நசுங்கிய டப்பாவை எடுத்து இவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டினார்.

அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு இவர் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு கவரை நீட்டினார். உள்ளே காரின் பதிவுச் சான்று. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்.

“இனிமே இது உன் கார்” என்றார்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். இந்த மனுஷனுக்கு உலகத்திலேயே பிடித்த சாமானை என் பெயருக்கு எழுதியிருக்கிறாரே என்று இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். பேருந்து ஓட்டும்போது பாதசாரிகளுக்கெல்லாம் நின்று நிதானமாக வழிவிட்டேன்.

மூன்றாம் நாள் இவருடைய கூட்டாளி பம்பர் வந்தார். இன்னொரு காரின் பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியதால் அந்தப் பெயர். வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“நல்ல யோசனை அண்ணி. பேர மாத்திட்டா ஸ்டிக்கர் கணக்கு மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும்ல!”

நான் கரண்டியோடு திரும்பினேன். இவர் பேயறைந்த மாதிரி நின்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கவே இல்லை. ஸ்டிக்கர் கணக்கு ஆளுக்கு இல்லை, காரின் சேஸிஸ் எண்ணுக்கு. சட்டத்தை அங்குலம் அங்குலமாகப் படித்த மகானுபாவர் அந்த ஒரு வரியைக் கோட்டை விட்டிருந்தார். கண்ட லாபம், இவர் கழுத்தில் இருந்த கயிறு என் கழுத்துக்கு வந்ததுதான்.

மூன்றாவது ஸ்டிக்கர் இந்த வருடம் ஒரு சிவப்பு விளக்கில் விழுந்தது. பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போலீஸ்காரர். இவர் சமர்த்தாக நின்றிருக்கலாம். விளக்கு மாறும் என்று நினைத்து மிதியை ஒரு தட்டு தட்டி விட்டிருக்கிறார். ‘ப்ஷ்ஷ்ஷ்’. போலீஸ்காரர் தன் டயர்தான் வெடித்துவிட்டது என்று துள்ளி இறங்கினாராம். அப்புறம் கேட்பானேன்.

கடிதம் என் பெயருக்கு வந்தது. உரிமையாளர் நேரில் வர வேண்டும். நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு முழுக்க நான்கு பேரும் காருக்கடியில் கிடந்து யூனிஃபார்மை மாட்டினார்கள். நான் மேலே நின்று திட்டினேன். இவர் அடியிலிருந்து “சரிம்மா, சரிம்மா” என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு தடவை சொன்னார். குரல் வழக்கம் போல இல்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் இவர் எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். வேலை ஒன்றும் செய்யவில்லை. காரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

“தேறிடும் இல்ல?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்?

சோதனை நிலையம் ஒரு நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் கதவு, நடுவே பள்ளம், சுவரில் சத்தம் அளக்கும் கருவி, மூலையில் கால் ஆடும் நாற்காலி. அங்கே எங்களுக்கு வாய்த்த அதிகாரிதான் டார்ச். பெயர் வைத்தது இவர்கள்தான். நடுப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஒல்லியான ஆள், மேல்சட்டைப் பையில் நான்கு பேனா, முகத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை. பதினோரு வருடமாக இவர்கள் அவரை ஏமாற்றிவருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அளந்தார். சத்தம் சரி. புகை சரி. உயரம் சரி. பிரேக் உருளையில் ஏற்றிப் பார்த்தார், சரி. பிறகு பள்ளத்தில் இறங்கினார். டார்ச் வெளிச்சம் முன்னாலிருந்து பின்னால் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

“அம்மா, கொஞ்சம் கீழ வாங்க” என்றார் டார்ச்.

இறங்கினேன். புகைக்குழாயின் வளைவில் ஒரு நசுங்கல், கட்டை விரலால் அமுக்கிய மாதிரி. யூனிஃபார்மை மாட்டியிருந்த ஒரு நாள் பம்பர் தன் காரைக் கல் மேல் ஏற்றிய வினை.

“இத ஜனவரியில ஒரு வெள்ள வண்டியில பாத்தேன். மார்ச்ல நீல வண்டி. ஜூன்ல சாம்பல் கலரு. இப்போ உங்க சிவப்பு. வண்டிதான் மாறுது, பைப்பு மாறவே மாட்டேங்குது.”

மேலே இருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “கம்பெனியிலேயே அப்படித்தான் சார் வருது. எல்லா வண்டிக்கும் அந்த இடத்துல நசுங்கல் இருக்கும்.”

அப்படியே பள்ளத்துக்குள் மண்ணைத் தள்ளி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. டார்ச் இன்னும் கொஞ்ச நேரம் அந்த நசுங்கலைப் பார்த்தார். பின்பு ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு அளந்தது எல்லாமே சரியா இருக்கு. ஃபெயில் பண்ண எனக்கு வழியில்ல. பைப்புல நம்பரும் இல்ல. அதனால இப்போ புதுசா ஒரு படிவம் வந்திருக்கு. ‘இந்த வண்டி தினமும் இப்படியேதான் சாலையில் ஓடுகிறது’ன்னு உரிமையாளர் எழுதித் தரணும். கையெழுத்து போட்டீங்கன்னா பாஸ். ஸ்டிக்கர எடுத்துடறேன்.”

“அவ்வளவுதானா?” என்றார் இவர், முகமெல்லாம் வெளிச்சமாக.

“அவ்வளவுதான். பொய்யின்னு பின்னால தெரிஞ்சா உரிமையாளரோட டிரைவிங் லைசென்ஸ் ரத்து. அம்மா என்ன வேலை பாக்கறீங்க?”

“பஸ் ஓட்டறேன்” என்றேன்.

டார்ச் என்னை ஒரு பார்வை பார்த்தார். படிவத்தை மேசையில் வைத்து நான்கு பேனாவில் ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்தார்.

என்னை நன்றாகத் தெரிந்த யாரும் அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால், படிவத்தைக் கிழித்து வீட்டுக்காரர் வாயில் திணித்திருப்பேன் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறக்கும்போது எப்படிப் பார்ப்பார்கள் என்று அவர் ஒரு தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். அப்படிப் பார்த்தார் என்னை. பதினோரு வருடம். அந்த மனுஷன் என்னிடம் நகை கேட்டதில்லை, நட்டு கேட்டதில்லை, சமையலில் குறை சொன்னதில்லை. இந்தப் பாழாய்ப்போன கார் ஒன்றுதான் அவருக்கு. யாருக்குத் தெரியப்போகிறது? நான் பேனாவை எடுத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன்.

கிரீஸ் படிந்த ஒரு கை தொப்பென்று படிவத்தின் மேல் விழுந்தது.

“போடாத.”

“கைய எடுப்பா! அரசாங்கக் காகிதம் அது!” என்று டார்ச் கத்தினார்.

“போடாதம்மா” என்றார் மறுபடியும். கையை எடுக்கவில்லை. டார்ச் பக்கம் திரும்பினார். “தினமும் இப்படி ஓடறதில்ல சார். ஒரு நாள்கூட இப்படி ஓடினதில்ல. இதெல்லாம் என் கட்டிலுக்கடியில கிடக்கற சாமான்.”

“நம்ம கட்டில்” என்றேன். அந்த நேரத்தில் ஏன் அதைத் திருத்தத் தோன்றியதோ தெரியவில்லை.

“நம்ம கட்டில். இவளுக்கு இந்த வண்டியே பிடிக்காது சார். பேரு மட்டும்தான் இவளோடது. அதுவும் நான் பண்ணின திருட்டு வேலை. ஃபெயில்னு எழுதிக்கங்க.”

“உங்களுக்குப் பைத்தியமா?” என்று நான் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். “நான்தான் போடறேன்னு சொல்றேன்ல! நவுருங்க!”

“நவுர மாட்டேன்.”

“ரெண்டு பேரும் வீட்ல போய் சண்ட போடுங்க” என்றார் டார்ச். “எனக்கு ரெண்டு மணிக்கு அடுத்த வண்டி இருக்கு.” குரலில் பழைய விறைப்பு இல்லை. மற்ற மூன்று கார்கள் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. ஐந்து கறுப்பு விரல்கள் பதிந்த அந்தப் படிவத்தை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வேறொரு தாளில் எழுத ஆரம்பித்தார். பதிவு நீக்கம். காரணம்: உரிமையாளர் தரப்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

நம்பர் பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு டார்ச் குனிந்தபோது, “விடுங்க சார், பெயின்ட்ல கீறிடுவீங்க” என்று இவர் அதை வாங்கிக்கொண்டார். மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக, விரலால் முட்டுக்கொடுத்துக் கழற்றினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இனி ரோட்டில் ஒரு அடி ஓடக்கூடாத காருக்குப் பெயின்ட் கீறினால் என்ன, கீறாவிட்டால் என்ன? நான் கேட்கவில்லை. பலகை இரண்டையும் சட்டையில் துடைத்து டார்ச்சிடம் கொடுத்தார்.

டார்ச் பலகைகளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். வாசலைப் பார்த்தார். கொட்டகையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

“போட்டோ இருக்கா?” என்று கேட்டார்.

“எதோட போட்டோ சார்?”

“நிஜ வண்டியோடது. பதினோரு வருஷமா எனக்கு இந்த பைப்ப மட்டும்தானே காட்டறீங்க.”

இவர் ஃபோனை எடுத்தார். கிரீஸ் விரலுக்குத் திரை நகரவில்லை. டார்ச்சே தன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. கடைசியில் ஓரிடத்தில் படத்தைப் பெரிதாக்கினார்.

“இந்த வெல்டிங் யாரு பண்ணது?”

“நான்தான் சார்.”

“முழுக்கவா?”

“முழுக்க.”

டார்ச் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். “சுத்தமான வேலை” என்றார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

சண்டையிலும் அசையாத மனுஷன், பலகையைக் கழற்றும்போதும் கலங்காத மனுஷன், அந்த இரண்டு வார்த்தைக்குக் அந்தக் கால் ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குச் சுரீரென்றது. டார்ச்சை நினைத்து இல்லை, என்னை நினைத்து. பதினோரு வருடம் அந்தக் காரில் ஏறி இறங்கியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், உதைத்தும் இருக்கிறேன். ஒரு நாள்கூடப் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து என்னதான் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அவரை விரட்டிக்கொண்டிருந்த ஆளுக்குத் தோன்றியது, கூடப் படுத்தவளுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் காட்டுங்க” என்றேன்.

நான் கேலி செய்கிறேனா என்று விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபோனைத் திறந்தார். கிரீஸ் அப்பிய திரையில் படம் மங்கலாக வந்தது.

“இதுல எது டர்போ?” என்று கேட்டேன்.